வர்க்கலாவில் குன்றைப் பார்த்தீர்களா?

வர்க்கலா போய் வந்தேன் என்று நம் பக்கத்து நண்பர்கள் யாராவது சொன்னால், நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். குன்றைப் பார்த்தீர்களா?

"அதென்ன சார் அப்படிக் கேட்கிறீர்கள், குன்றுமேலேதானே ரூம் எடுத்திருந்தோம்" என்பார்கள். அதைக் கேட்கவில்லை. படிக்கட்டில் கீழே இறங்கி, மணலில் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தச் செங்குத்துச் சுவரை அண்ணாந்து பார்த்தீர்களா என்று கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வருகிறது. வயதானவர்கள் ஆடி அமாவாசைக்குப் போகிறார்கள். கேரளத்தில் அது கர்க்கடக வாவு. பாபநாசம் கடற்கரையில் முன்னோருக்குப் பிண்டம் வைத்து, முழுக்குப் போட்டு, ஜனார்த்தன சுவாமியைச் சேவித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்கள். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வேறு காரணத்துக்குப் போகிறார்கள். குன்றின் விளிம்பில் வரிசையாக இருக்கும் காபிக்கடையில் உட்கார்ந்து சூரிய அஸ்தமனத்தைப் போட்டோ பிடிக்க. ஒரு கூட்டம் குன்றுக்கு முதுகு காட்டுகிறது, இன்னொரு கூட்டம் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

என் கட்சி இது: வர்க்கலாவில் பார்க்க வேண்டிய முதல் பொருள் அந்தக் குன்றுதான். கோயில், ஊற்று, படகுச் சுரங்கம் எல்லாம் அதை வைத்து வந்தவை. அந்தக் குன்று தானாகக் கரைவதைவிட வேகமாக இப்போது கரைகிறது என்றால், அதற்கு அதன்மேல் போய் நாம் உட்கார்ந்துகொண்டதும் ஒரு காரணம். கேரளத்துக்காரர்கள் பாடு என்று இருந்துவிட முடியாது. அங்கே கட்டுகிற அறைகளில் போய்த் தங்குவது நாம்தானே.

தென்கேரளக் கடற்கரை பெரும்பாலும் தட்டையானது. மணல், தென்னை, அதற்குப் பின்னால் காயல். வர்க்கலாவில் மட்டும் நிலம் கடலோரம் வரை மேடாகவே வந்து, கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடுகிறது. நல்ல உயரமான இடத்தில் ஆறேழு மாடிக் கட்டடம் அளவு இருக்கும். நம் ஊரில் இதற்கு ஈடு சொல்வது கஷ்டம். முட்டம் இருக்கிறது, பாரதிராஜா படங்களில் பார்த்திருப்பீர்கள், ஆனால் அது கரும்பாறை. திருச்செந்தூரில் வள்ளி குகை இருக்கும் பகுதி கடலோர மணற்பாறைதான். ஆனால் கோயிலும் மண்டபங்களும் எழும்பி நிற்பதால் அது பாறை என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. வர்க்கலாவில் பாறை மறைவில்லாமல் நிற்கிறது.

கீழே நின்று பார்த்தால் அடுக்கடுக்காக நிறம் மாறும். உச்சியில் துருப்பிடித்த இரும்பு நிறத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு கல். அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக மணற்பாறை. நடுநடுவே சாம்பல் நிறக் களிமண். சில இடங்களில் கறுப்புக் கோடு மாதிரி பழுப்பு நிலக்கரி, நெய்வேலியில் தோண்டி எடுக்கிறோமே அந்த வகை. என்றோ அங்கே காடு இருந்து மக்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்த அடுக்குகளின் வயதைப் புவியியல்காரர்கள் கோடி ஆண்டுக் கணக்கில் பேசுகிறார்கள். கேரளக் கரையில் வேறெங்கே இதே மாதிரி அடுக்கு கிடைத்தாலும் அதற்கு 'வர்க்கலி படிவம்' என்றே பெயர். ஒரு சின்ன ஊரின் பெயர் புத்தகத்தில் ஏறிவிட்டது.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு சேதி. வர்க்கலா அடுக்குகளைப் பற்றி 1882-ல் விரிவாக எழுதியவர் இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங். பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? 1863 செப்டம்பரில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டோடு சேர்ந்து, பூண்டிக்குப் பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அதிரம்பாக்கத்தில் கற்கோடரிகளைக் கண்டுபிடித்தாரே, அதே கிங்தான். அதற்குச் சில மாதம் முன்பு, மே மாதக் கடைசியில், ஃபூட் பல்லாவரத்தில் முதல் கற்கோடரியை எடுத்திருந்தார். அதிரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்டது பத்திரிகையில் எல்லாம் வந்தது. திருவள்ளூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் சுற்றிய மனிதர் பத்தொன்பது வருடம் கழித்து அரபிக்கடல் ஓரத்தில் நின்று அதே கவனத்தோடு மண்ணைப் பார்த்திருக்கிறார். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

உச்சியில் இருக்கும் அந்தத் துருக்கல்லுக்கும் நமக்கும்கூட உறவு உண்டு. தமிழில் செம்புறைக்கல், மலையாளத்தில் வெட்டுகல், ஆங்கிலத்தில் லேட்டரைட். அந்த ஆங்கிலப் பெயரை வைத்தவர் ஃபிரான்சிஸ் புக்கானன். 1800-ல் சென்னையிலிருந்து கிளம்பி ஆர்க்காடு, மைசூர், மலபார் என்று சுற்றியவர். அங்காடிபுரத்தில் ஜனங்கள் இந்தக் கல்லைத் தரையிலிருந்து கோடரியால் வெட்டி எடுத்து, காற்றில் இறுகவிட்டு வீடு கட்டுவதைப் பார்த்து, செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து பெயரை உருவாக்கினார். 1807-ல் அச்சானது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில், பாறையில் இருக்கும் மற்றதெல்லாம் கரைந்துபோய் இரும்பும் அலுமினியமும் மிஞ்சினால் இந்தக் கல். நம் செங்குன்றத்துக்குப் பெயர் கொடுத்ததும் இதே செம்மண்தான்.

அந்தச் செம்மண்ணை நாம் என்ன செய்தோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று மனை போட்ட காலத்தில் பள்ளத்தை மேடாக்க லாரி லாரியாக 'கிராவல்' வந்து இறங்கியது. எங்கள் தெருவில் இறங்கியதும் அதுதான். எந்த மேட்டை வெட்டி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு லோடு எவ்வளவு என்றுதான் கேட்டோம். ஒரு மேடு காணாமல் போவது எவ்வளவு சுலபம் என்பது நம் தலைமுறைக்குச் சொல்லித் தர வேண்டிய பாடமில்லை.

சரி, வர்க்கலா குன்று ஏன் சரிகிறது?

நாற்பது வருடமாக மொட்டைமாடி ஒழுகலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். உச்சியில் இருக்கும் செம்புறைக்கல் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். அதன் கீழே மணற்பாறை, அதுவும் விட்டுவிடும். அதற்கும் கீழே களிமண் அடுக்கு, அது விடாது. இறங்கி வந்த மழைத்தண்ணீர் களிமண்மேல் தேங்கிப் பக்கவாட்டில் நகர்ந்து, குன்றின் முகத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. பாபநாசத்து ஊற்றுத் தண்ணீர் மருந்து என்று ஜனங்கள் பிடித்துக் குடிப்பதும் குளிப்பதும் இதைத்தான். ஆனால் அதே தண்ணீர் களிமண்ணை வழுக்கலாக்கி, மேலே இருக்கும் மணலை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறது. அடியில் மழைக்காலத்து அலை வந்து அரிக்கிறது. பிடிப்பு போனதும் மேல்பாளம் பிளந்து விழுகிறது. ஊற்றைக் கொடுப்பதும் சரிவைக் கொடுப்பதும் ஒரே வேலை. யாரும் அங்கே குடியேறாவிட்டாலும் இது நடந்துகொண்டேதான் இருந்திருக்கும், ஆனால் தன் வேகத்தில்.

இப்போது அந்த விளிம்பில், சில அடி தள்ளி, கடைகளும் விடுதிகளும் வரிசையாக நிற்கின்றன. கட்டடத்தின் பாரம் ஒரு பக்கம். என்னைக் கேட்டால் பாரத்தைவிடத் தண்ணீர் பெரிய விஷயம். ஒவ்வொரு விடுதியிலும் எத்தனை குளியலறை, எத்தனை கழிப்பறை, பாத்திரம் கழுவும் தொட்டி? உறிஞ்சு குழியில் விட்டால் அது எங்கே உறிஞ்சப்படும்? நேரே களிமண் அடுக்குக்கு. முன்பு மழைக்காலத்தில் மட்டும் ஈரமாக இருந்த குன்று வருடம் முழுக்க ஈரமாக இருக்கும். மேலே கழிவுநீரை மண்ணில் விட்டுவிட்டுக் கீழே ஊற்றை மருந்து என்று குடித்தால் அது என்ன நியாயம்?

கடலோர ஒழுங்குமுறை விதிகள் 1991-லேயே வந்துவிட்டன. கோவளத்தில் நெரிசல் தாங்காமல் வெளிநாட்டுக்காரர்கள் வர்க்கலா பக்கம் ஒதுங்கி, அங்கே ஓலைக்கொட்டகை முளைத்து, கொட்டகை கான்கிரீட் ஆனது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். விதி இல்லாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.

குன்றுக்குப் பட்டம் மட்டும் குறைவில்லாமல் கொடுத்தாயிற்று. புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்திருக்கிறது. 2025 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிலும் சேர்த்தார்கள். அதே சமயம் சேர்ந்த இன்னொன்று நம் திருமலை. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே தெரியும் அந்தப் பாறை அடுக்குக்கும் புவியியலில் பெரிய பேர். கோவிந்தா சொல்வதோடு ஒரு தடவை அதையும் பாருங்கள்.

இத்தனை பட்டத்துக்கு நடுவில் 2024 ஜூனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பாபநாசத்தில் பலிமண்டபத்தை ஒட்டிய இடத்தில் மழையில் மண் சரிந்தது. வாவு நெருங்குகிறது, கூட்டம் வரும், யார் தலையிலாவது விழுந்துவிடப் போகிறது என்ற பயத்தில் மாவட்ட நிர்வாகத்தின் தரப்பில் இயந்திரத்தைக் கொண்டுவந்து குன்றின் ஒரு பகுதியை இடித்தே தள்ளினார்கள். எங்களைக் கேட்காமல் எப்படி இடிக்கலாம் என்று புவியியல் துறை ஆட்சேபித்தது. பத்திரிகையில் பெரிய சர்ச்சை ஆனது.

அதிகாரிகளின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அமாவாசையன்று அந்த மணலில் நிற்கிற கூட்டத்தில் பாதி நம் வயதுக்காரர்கள். ஓடச் சொன்னால் ஓட முடியாது. ஆனால் குன்று ஆபத்து என்றால் குன்றை எடுத்துவிடுவது என்ன வைத்தியம்? விளிம்பில் கட்டாதே என்று சொல்லத் துணிச்சல் வராது. குன்றை வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். பலிச் சடங்கை இருநூறு அடி தள்ளி வைத்தால் பிதுர்கள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மண்டபம்தான் இடம் மாறும், கடல் அதே கடல்தான்.

இன்னொரு பக்கத்தில், சிமென்ட் சுவர் எழுப்பி, கம்பிவலை போட்டுக் குன்றைக் 'காப்பாற்ற' வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதிலும் சம்மதமில்லை. தண்ணீர் வெளியே வரும் வழியை அடைத்தால் அது பின்னால் தேங்கி மொத்தமாகத் தள்ளும். நம் ஊரில் மழைக்குத் தடுப்புச்சுவர் சாய்வதெல்லாம் பின்னால் தண்ணீர் போக ஓட்டை விடாததால்தானே? அப்படியே சுவர் நின்றாலும், பார்க்கப் போனது அடுக்கை. சிமென்ட்டைப் பார்க்க வர்க்கலா எதற்கு?

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் பெர்லிங் கேப் என்று ஓர் இடம். சுண்ணாம்புப் பாறை விளிம்பில் கடற்காவலர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். கடல் அரித்து விளிம்பு கிட்டே வரவர, ஓரத்து வீட்டை இடித்து எடுத்துவிடுகிறார்கள். சுவர் எழுப்பவில்லை. பாறை பின்வாங்குகிறது, மனிதனும் பின்வாங்குகிறான். அவர்களுக்கும் அந்த வீடுகள்மேல் ஆசை இல்லாமல் இல்லை.

விளிம்பில் கடை வைத்திருப்பவர்கள் பாவம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலம் அங்கே நடந்தபோது ஒரு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். இடம் வாடகைக்கு, ஆறு மாத சீசனில் சம்பாதித்து மீதி ஆறு மாதத்தை ஓட்டுகிறாராம். "அண்ணா, ஞானும் விளிம்பிலதான் நிக்குந்நு" என்று கையை விரித்தார். அவரை நாளைக்கே காலி பண்ணு என்பது சுலபம், நியாயமில்லை. பின்னால் சாலையோரம் இடம் கொடுத்துத்தான் நகர்த்த வேண்டும். விளிம்பில் நடைபாதையும் மரமும் மட்டும் இருக்கட்டும். கழிவுநீருக்குக் குழாய் போட்டு ஊருக்குள் கொண்டுபோகட்டும். இதற்கு ஆகிற பணம், சறுக்கியதை ஒவ்வொரு வருடமும் ஒட்டுப்போடுகிற பணத்தைவிடப் பெரிதாக இருக்காது என்பது என் எண்ணம். நாமும் ஒன்று செய்யலாம். அறை பதிவு செய்யும்போது 'ஸீ வியூ' என்று அடம்பிடிக்காமல், அரைக் கிலோமீட்டர் உள்ளே எடுக்கலாம். முழங்காலுக்கும் நல்லது, ஏனென்றால் ஆட்டோ அங்கே வாசலுக்கு வரும்.

குன்று போனால் என்னென்ன போகும் என்று பாருங்கள். நாரதர் வீசிய மரவுரி வந்து விழுந்த இடம் என்பது ஊரின் ஸ்தலபுராணம். வல்கலம் என்ற சொல் வர்க்கலா ஆயிற்றாம். ஜனார்த்தன சுவாமி அந்த மேட்டின்மேல்தான் படி ஏறி நிற்கிறார். அங்கே தொங்கும் பழைய மணி, ஆபத்தில் மாட்டிக்கொண்ட டச்சுக் கப்பல்காரர்கள் வேண்டிக்கொண்டு கொடுத்தது என்று சொல்கிறார்கள். தஞ்சைக்கு ஒரு பாபநாசம், நெல்லைக்கு ஒரு பாபநாசம் வைத்திருக்கும் நமக்கு இது மூன்றாவது. பாவமும் அவ்வளவு இருக்கிறது போல.

படகுச் சுரங்கம் பலருக்குத் தெரியாது. திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே காயல்களை வாய்க்காலால் இணைத்துக்கொண்டே போன திருவிதாங்கூர் அரசுக்கு இந்த மேடுதான் குறுக்கே நின்றது. இந்தப் பக்கம் வரும் சரக்கைப் படகிலிருந்து இறக்கி, மேட்டைச் சுற்றிச் சுமந்து, அந்தப் பக்கம் வேறு படகில் ஏற்ற வேண்டும். கடைசியில் குன்றைக் குடைந்து இரண்டு சுரங்கம் போட்டார்கள். நீளமானது ஏறக்குறைய 720 மீட்டர். 1880-ல் வேலை முடிந்தது. இங்கே பஞ்ச நிவாரணமாக பக்கிங்ஹாம் கால்வாயை அடையாறு வரை வெட்டிய அதே காலம். இரண்டுக்கும் பிறகு ரயிலும் லாரியும் வந்து, இரண்டுமே தூர்ந்தன. அங்கேயாவது தூர்வாரும் வேலை நடக்கிறது.

சிவகிரியைப் பற்றிச் சொன்னால் தனிக் கட்டுரை ஆகிவிடும். நாராயண குரு 1912-ல் சாரதா தேவியைப் பிரதிஷ்டை செய்து, 1928-ல் சமாதியானதும் அங்கேதான். தாகூர் 1922-ல் வந்தார், வைக்கம் போராட்ட சமயத்தில் 1925-ல் காந்தி வந்தார். தெற்கே அஞ்சுதெங்கில் கம்பெனிக்காரன் கட்டிய சின்னக் கோட்டை இருக்கிறது. கர்நாடகப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் பிறந்தது அந்த ஊரில், 1728-ல். பிற்பாடு சென்னைக் கோட்டையில் கவுன்சில் உறுப்பினராக இருந்தவர். நேரமிருந்தால் போங்கள்; கோட்டைக்குள் பார்க்க அதிகமில்லை, கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே இருக்கிறது.

போக நினைக்கிறவர்களுக்கு: திருவனந்தபுரம் மெயில் சென்ட்ரலில் கிளம்பி நம் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது. மறுநாள் முற்பகல் வர்க்கலா சிவகிரி என்ற ஸ்டேஷனில் இறங்கலாம். எழும்பூரிலிருந்து அனந்தபுரியும் இருக்கிறது. குன்றைப் பார்க்கச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இறங்குங்கள். மேற்கு வெயில் நேராக அடிப்பதால் அடுக்குகள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அலை உள்வாங்கிய நேரமா என்று அங்கே மீனவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி மழையில் சுவருக்கு அடியில் நிற்கவே வேண்டாம், தள்ளி நின்று பாருங்கள். களிமண் கோட்டுக்கு மேலே ஈரம் கசிவது தெரிகிறதா, மேலே எந்தக் கட்டடம் இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள்.

அவ்வளவு தூரம் போக உடம்பு இடம் கொடுக்காதவர்கள், திருவள்ளூர் போய் அங்கிருந்து பூண்டி பஸ் ஏறுங்கள். ஏரிக்கரையில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. வில்லியம் கிங் குனிந்து பொறுக்கிய இனத்துக் கற்களை அங்கே பார்க்கலாம்.